நல்லதண்ணித் தீவுக்குப் பெயர் வைத்தது யார்?

அக்கா மகன் செல்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினான். வெள்ளை மணல். ஒற்றைக் கூடாரம். சுள்ளி எரிகிறது. வெளிநாட்டு இளைஞன் ஒருவன், இந்தத் தீவில் என்னைத் தவிர ஈ காக்கை இல்லை என்கிற அர்த்தத்தில் என்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறான். “ஒரு கத்தி, ஒரு லைட்டர், கொஞ்சம் கயிறு, அவ்வளவுதான் மாமா. மிச்சத்தைக் கடல் குடுக்கும்” என்றான் இவன். அடுத்த வருஷம் தானும் இப்படி ஒரு மாதம் போகப்போகிறானாம். படத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளச் சொன்னேன். ஈர மணலில் படகை இழுத்துக் கரையேற்றிய தடம். அதை ஒட்டி வெறுங்கால் தடங்கள். அந்த இளைஞன் ஷூ போட்டிருந்தான். “இது யாருடா?” என்றேன். “படகுக்காரனா இருக்கும் மாமா. அதைப் போய்ப் பாத்துக்கிட்டு.”

அதைப் போய்த்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. கதையில் வரும் ராபின்சன் குரூசோ மணலில் ஒற்றைக் காலடியைக் கண்டு நடுங்கிப்போகிறான். இன்றைய குரூசோக்களுக்கு வரிசையாகக் காலடி கிடந்தாலும் கண்ணில் படுவதில்லை.

ஆளில்லாத் தீவில் தனியாகத் தங்கித் திரும்புகிறவர், யார் தயவும் இல்லாமல் வாழ முடியும் என்று காட்டிவிட்டதாக இன்று எல்லோரும் நம்புகிறார்கள். ஊரில் கூட்டத்தோடு இருப்பது பழக்கதோஷம்தான், உரித்துப் பார்த்தால் மனிதன் தனியாள், அந்தத் தோலை உரிக்கிற இடம் தீவு என்று பேச்சு. அலுவலகப் பயிற்சி வகுப்புகளில்கூட இந்தத் தீவு வந்துவிடுகிறது. மாட்டிக்கொண்டால் எந்த 3 பொருளை எடுத்துப்போவாய் என்று கேட்கிறார்கள். எந்த 3 பேரை என்று கேட்பதில்லை.

பெயர்பெற்ற எந்தத் தீவுவாசியின் கதையைப் பிரித்தாலும் உள்ளே நாலு பேருடைய உழைப்பு கிடக்கிறது. அந்த நாலு பேரைப் படத்திலிருந்து வெட்டிவிட்டால் மிஞ்சுவதைத்தான் தனிமை என்று கொண்டாடிக்கொண்டிருக்கிறோம். ‘டெசர்ட் ஐலண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லிலேயே இது இருக்கிறது. அதைப் பாலைவனத் தீவு என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் அங்கே மணல்வெளி எதுவும் பேச்சில் இல்லை. கைவிடப்பட்ட தீவு என்பதுதான் பழைய பொருள். கைவிடப்பட்டது என்றால், ஒரு காலத்தில் யாரோ வந்து போயிருக்கிறார்கள்.

எடுத்த எடுப்பில் எல்லோரும் காட்டும் சாட்சி அலெக்சாண்டர் செல்கிர்க். ஸ்காட்லாந்து மாலுமி. 1704இல், கப்பல் ஓட்டை என்று கேப்டனோடு சண்டைபோட்டு, என்னை இங்கேயே இறக்கிவிடு என்று சிலி நாட்டுக்கு மேற்கே ஹுவான் பெர்னாண்டஸ் தீவில் இறங்கினார். படகு விலகத் தொடங்கியதும் மனம் மாறி, திரும்பி வந்து ஏற்றிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். கேப்டன் கேட்கவில்லை. (கப்பலைப் பற்றி அவர் சொன்னது சரிதான், அது பிறகு மூழ்கியது.) 4 ஆண்டு 4 மாதம் அங்கே இருந்தார். டேனியல் டீஃபோ 1719இல் வெளியிட்ட நாவலுக்கு இவர் கதையும் ஒரு தூண்டுதல் என்பார்கள். தனிமையின் குலதெய்வமே இவர்தான்.

சரி, அவர் எதைத் தின்றார்? ஆடு. தென் அமெரிக்காவிலிருந்து ஏறத்தாழ 400 மைல் தள்ளி இருக்கும், எந்தக் கரையிலிருந்தும் ஆடு நீந்தி வர முடியாத அந்தத் தீவில் ஆடு எப்படி வந்தது? 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் கொண்டுவந்து விட்டது. காய்கறிக்கு? முன்பு வந்த கப்பல்காரர்கள் விதைத்துவிட்டுப் போன டர்னிப் கிழங்கு. இரவில் எலிகள் அவர் கால்களையே கடித்தன. அவையும் கப்பலில் வந்தவை. எலிகளிடமிருந்து காப்பாற்றியது, ஆட்டுக்கறி போட்டு அவர் பழக்கிய பூனைகள். அவையும் கப்பலில் வந்தவை. கையில் துப்பாக்கி, வெடிமருந்து, கோடரி, கத்தி, சட்டி, படுக்கை, பைபிள். இத்தனை பேர் இத்தனை ஆண்டுகளாகக் கொண்டுவந்து சேர்த்த சாமான்களுக்கு நடுவே இருந்த மனிதரைத்தான் வெறுங்கையோடு இயற்கையை வென்றவர் என்கிறோம்.

அவர் கெட்டிக்காரர் இல்லை என்று நான் சொல்லவில்லை. மருந்து தீர்ந்தபின் ஆட்டை ஓடியே பிடித்தார். ஒருமுறை பிடித்த ஆட்டோடு பாறை விளிம்பிலிருந்து விழுந்து நினைவிழந்து கிடந்தார். கண் விழித்தபோது ஆடு அவருக்கு அடியில் செத்துக் கிடந்தது. அந்த ஆடு மட்டும் கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் நாவலும் இல்லை, என் மருமகனும் இல்லை. 1709 பிப்ரவரியில் உட்ஸ் ராஜர்ஸின் கப்பல்கள் வந்து ஏற்றிக்கொண்டபோது, வார்த்தைகளைப் பாதி விழுங்கிப் பேசும் நிலைக்கு வந்திருந்தார். தனிமை அவருக்கு எதைக் கொடுத்ததோ தெரியாது, எடுத்துக்கொண்டது பேச்சை. ஆனால் ஸ்கர்வியால் படுத்துக்கிடந்த அந்தக் கப்பல் ஆட்களுக்குத் தினம் இரண்டு மூன்று ஆடு பிடித்துக் கொடுத்துத் தேற்றியதும் அவர்தான். ஆள் கிடைத்தவுடன் அவர் செய்த முதல் காரியம் ஆக்கிப்போட உதவியது.

செல்கிர்க்குக்கு முன்பே அதே தீவில் ஒருவர் 3 ஆண்டுக்கு மேல் தனியாக இருந்திருக்கிறார். இதைச் சொன்னால் பலர் புருவத்தை உயர்த்துகிறார்கள். மத்திய அமெரிக்கக் கரையின் மிஸ்கிட்டோ இனத்தவர். கப்பலில் அவரை வில் என்று கூப்பிட்டார்கள், சொந்தப் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. 1681இல் அவர் ஆடு வேட்டைக்குக் காட்டுக்குள் போயிருந்த நேரம், ஸ்பானியக் கப்பல்கள் வருவது கண்டு இவருடைய கடற்கொள்ளைக்காரக் கூட்டம் இவரை விட்டுவிட்டு ஓடியது. கையில் ஒரு துப்பாக்கி, ஒரு கத்தி, கொஞ்சம் மருந்து, சில குண்டுகள். குண்டு தீர்ந்ததும் கத்தியின் ஓரத்தில் பல் பல்லாக வெட்டி ரம்பமாக்கினார். அந்த ரம்பத்தால் துப்பாக்கிக் குழலைத் துண்டு துண்டாக அறுத்தார். துண்டுகளை நெருப்பில் காய்ச்சி, கல்லால் அடித்து, எறியுளியும் ஈட்டியும் தூண்டில் முள்ளும் நீளக் கத்தியும் ஆக்கிக்கொண்டார். ஸ்பானியர்கள் தீவில் இறங்கித் தேடினார்கள், அகப்படவில்லை. இதையெல்லாம் எழுதிவைத்தவர் வில்லியம் டாம்பியர். 1681இல் இவரை விட்டுப்போன கூட்டத்திலும் டாம்பியர் இருந்தார், 1684 மார்ச்சில் மறுபடி வந்த கப்பலிலும் இருந்தார்.

அந்தக் காலையை டாம்பியர் விவரித்திருக்கிறார். முந்தின நாளே கடலில் பாயைப் பார்த்து, இது நம்மவர் கப்பல் என்று வில் கண்டுகொண்டார். கப்பல் நங்கூரம் போடுவதற்குள் 3 ஆடுகளைக் கொன்று, பனைக்குருத்துக் கீரையோடு சமைத்து வைத்துவிட்டார், வருகிறவர்களுக்கு விருந்தாக. படகு கரையைத் தொட்டதும் முதலில் குதித்தவர் ராபின் என்ற இன்னொரு மிஸ்கிட்டோ. ஓடிப்போய் வில்லின் காலடியில் முகங்குப்புற விழுந்தார். வில் அவரைத் தூக்கிக் கட்டிக்கொண்டார். பிறகு வில் அதேபோல ராபினின் காலடியில் விழுந்தார். ராபின் தூக்கிவிட்டார். கொள்ளைக்காரக் கூட்டம் சுற்றி நின்று பேச்சற்றுப் பார்த்தது. இதில் தனிமையின் மகிமை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. 3 வருஷம் தனியாக இருந்த மனிதர் கப்பலைப் பார்த்ததும் அடுப்பு மூட்டினார். அதுதான் எனக்குத் தெரிகிறது.

1966இல் சிலி அரசு சுற்றுலாவை நினைத்து அந்தத் தீவுக்கு ராபின்சன் குரூசோ என்று பெயர் மாற்றியது. நாவலில் குரூசோவின் தீவு இருப்பதோ கண்டத்தின் மறுபக்கம், ஒரினோக்கோ ஆற்று முகத்துக்கு அருகே. பக்கத்துத் தீவுக்கு செல்கிர்க்கின் பெயர். மூன்றாவது தீவு சாந்தா கிளாரா. வில்லின் பெயரில் ஒன்றும் இல்லை. துப்பாக்கியை அறுத்துத் தூண்டில் செய்தவரை மறந்துவிட்டு, கற்பனை ஆளின் பெயரைத் தீவுக்கு வைத்தாயிற்று. எந்த ஊரிலும் இப்படித்தான் நடக்கும் போலிருக்கிறது.

“மிச்சத்தைக் கடல் குடுக்கும்” என்றானே, அதற்கு வருகிறேன். அட்லாண்டிக் கடல் நடுவே அசென்ஷன் தீவு. 1725 மே மாதம், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் ஒன்று, ஓரினச் சேர்க்கைக் குற்றம் சாட்டி லேண்டர்ட் ஹாசன்பாஷ் என்பவரைத் தண்டனையாக அங்கே இறக்கிவிட்டது. கூடாரம், ஒரு பீப்பாய்த் தண்ணீர், கொஞ்சம் தானியம். அவர் நாட்குறிப்பு எழுதினார். கடல் அவருக்குக் கொடுக்காமல் இல்லை: கடலாமைகள் குவியலாக வரும் தீவு அது, பறவைகளும் உண்டு, முட்டையும் உண்டு. இல்லாதது தண்ணீர். தேடித் தேடி அலைந்தார். கண்ட கசிவும் வற்றியது. கடைசியில் ஆமையின் இரத்தத்தையும் தன் சிறுநீரையும் குடித்தார். 1726 ஜனவரியில் வந்த ஆங்கிலக் கப்பல்காரர்களுக்குக் கூடாரமும் நாட்குறிப்பும்தான் கிடைத்தன.

ஆனால் அதே அசென்ஷன் தீவில் 1701இல் ஒரு கப்பல் ஓட்டையாகி மூழ்கியது. கப்பல் பெயர் ரோபக். கேப்டன் வேறு யாருமில்லை, நம் டாம்பியர்தான். கூட்டமாகக் கரையேறியவர்கள் ஆளுக்கொரு திசையில் தேடி, மலைமேல் ஊற்றைக் கண்டுபிடித்தார்கள். வேறு கப்பல்கள் வரும் வரை 5 வாரம் போல அந்தத் தண்ணீரில் தாக்குப்பிடித்தார்கள். ஒரே தீவு. கூட்டத்துக்குத் தண்ணீர் கிடைத்தது. 24 ஆண்டு கழித்து ஒற்றை ஆளுக்குக் கிடைக்கவில்லை. ஊற்று இருக்குமிடம் தெரிந்த ஒருவர் அவர் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த நாட்குறிப்பு வேறு மாதிரி முடிந்திருக்கும். அவரை இறக்கிவிட்டவர்கள் அந்தத் தீவைத் தண்டனையாக எண்ணினார்கள். நாம் அதே தண்டனையை விடுமுறை என்று பெயர் சொல்லிப் பணம் கட்டி வாங்குகிறோம்.

இதெல்லாம் பழைய கதை, அவர்கள் விரும்பிப் போனவர்கள் இல்லை, விரும்பிப் போய் நிம்மதியாக இருந்தவர் உண்டே என்று கேட்பார்கள். உண்டு. நியூசிலாந்துக்காரர் டாம் நீல். குக் தீவுகளில் சுவாரோ என்ற பவளத் தீவுக்கூட்டத்தில், 1952 முதல் 1977 வரை மூன்று தவணையாக, மொத்தம் 15 ஆண்டுக்குக் குறையாமல் இருந்தார். 1966இல் புத்தகமும் எழுதினார். தனியாகத் தீவில் தங்கும் ஆசைக்காரர்களுக்கு இன்றும் அது வேதம். எனக்கும் பிடித்த மனிதர்தான். ஏனென்றால் அவர் பொய் சொல்லவில்லை. அவரைப் படித்தவர்கள்தான் பாதியை விழுங்கிவிட்டார்கள்.

அவர் போய் இறங்கியபோது அங்கே குடிசை இருந்தது, மழைநீர்த் தொட்டிகள் இருந்தன, வாசிக்கப் புத்தகங்கள்கூட இருந்தன. இரண்டாம் உலகப் போரில் கடலைக் கண்காணிக்க வந்தவர்கள் விட்டுப்போனவை. தொட்டியை எடுத்துவிடுங்கள், பவளத் தீவில் ஆறு கிடையாது, அவர் எத்தனை நாள் இருந்திருப்பார்? அதே ஆட்களின் கோழிகள் காட்டுக்கோழிகளாகத் திரிந்தன, அவற்றைப் பழக்கினார். அதே ஆட்களின் பன்றிகளும் இருந்தன. அவை தோட்டத்தைக் கிளறி நாசமாக்க, ஈட்டி செய்து ஒவ்வொன்றாகக் கொன்றார். மாவு, சர்க்கரை, விதை, கருவி எல்லாம் கப்பலில் கொண்டுபோனார். எலி பிடிக்க இரண்டு பூனைகளையும் கூட்டிக்கொண்டு போனார்.

1954இல் ஒருநாள் பக்கத்துத் திட்டுக்குப் படகில் போனவர், நங்கூரத்தை எடுத்து வீசினார். அந்தக் கணத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. வலியோடு எப்படியோ படகைத் திருப்பிக் குடிசைக்கு வந்து விழுந்தார். எழ முடியவில்லை. புயலும் வரவில்லை, சுறாவும் வரவில்லை. நம் வீட்டில் குடத்தைத் தூக்கும்போது வருமே, அதே பிடிப்புதான். ஊரில் என்றால் பக்கத்து வீட்டு அம்மாள் தைலம் தேய்த்துவிட்டு வெந்நீர் ஒத்தடம் கொடுத்திருப்பார், ரெண்டு நாளில் சரியாகியிருக்கும். அங்கே அது சாவு. நாட்கணக்கில் கிடந்தார். அப்போது தற்செயலாக ஒரு பாய்மரப் படகில் இரண்டு அமெரிக்கர்கள் வந்தார்கள். தேய்த்துவிட்டு, சமைத்துப்போட்டு, எழுப்பி உட்காரவைத்து, பிறகு கப்பல் வந்து அழைத்துப்போகவும் ஏற்பாடு செய்தார்கள். அந்தப் படகு வேறு தீவுக்குத் திரும்பியிருந்தால் நமக்குப் புத்தகமே கிடைத்திருக்காது. வேதத்தின் ஆசிரியர் உயிரோடு இருந்தது இரண்டு விருந்தாளிகளின் புண்ணியத்தில்.

மறுபடி 1960இல் போனார். 1963இல் திரும்பினார். முத்துக் குளிப்பவர்கள் கூட்டமாக வந்து இரைச்சல் தாங்கவில்லை என்பது ஒரு காரணம். வயதாகிறது, யாருமில்லாமல் சாக விருப்பமில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். மூன்றாம் தவணையில் நடந்தது இன்னும் வேடிக்கை: தனிமையைப் பற்றி எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு ஆட்கள் படகு படகாக அவரைப் பார்க்க வந்தார்கள். 1977இல் வயிற்றுப் புற்றுநோயோடு ராரோடொங்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கே மனிதர்களுக்கு நடுவே இறந்தார். இதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். தனியே இருக்க விரும்புகிறவர் இருந்துவிட்டுப் போகட்டும். தனியே இருந்ததால் யாரும் தேவைப்படவில்லை என்று சொல்வதைத்தான் மறுக்கிறேன். அவரே அப்படிச் சொல்லவில்லை.

லூசி இர்வின் கதையும் இதே தடம்தான். 1981இல் ஒரு விளம்பரத்தைப் பார்த்து, ஜெரால்டு கிங்ஸ்லாந்து என்பவரோடு ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டோரஸ் நீரிணையில் தூயின் தீவுக்குப் போனார். தண்ணீர் வற்றியது, உடம்பு வற்றியது, காலில் புண். தூக்கி நிறுத்தியவர்கள் பக்கத்து பாடு தீவின் மக்கள். பிறகு புத்தகமும் வந்தது, 1986இல் சினிமாவும் வந்தது.

இன்று கருவிகள் இருக்கின்றன, ஜிபிஎஸ் இருக்கிறது, அவசர சமிக்ஞைப் பொத்தான் இருக்கிறது என்பது அடுத்த வாதம். பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும்? எங்கோ ஒரு கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் தூக்கத்தை உதறி எழுவார். ஒரு ரோந்துக் கப்பல் திசை திரும்பும். 20 பேரைப் பொத்தானுக்குள் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகிறவர் தன்னைத் தனியாள் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. கருவி சொல்லாததும் நிறைய. பவளப்பாறை மீன்களில் சிகுவாட்டெரா என்ற நஞ்சு சேரும். மணம் காட்டாது, ருசி காட்டாது, வேகவைத்தாலும் போகாது. எந்தப் பாறையில் எந்த மீனைத் தொடக் கூடாது என்பது அந்தந்தக் கரைக்காரர்கள் வயிற்றைக் கெடுத்துக்கொண்டு கற்ற பாடம்.

இனி நம் கரை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது, கூடாரம் போடும் பேச்சே கிடையாது. ஆளில்லாத தீவுக்கு எதற்குச் சட்டம் என்று மருமகன் கேட்டான். பவளப் பாறைகளை வெட்டி எடுத்ததில் அரண் போய், விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போய்விட்டன. ஆளில்லை என்று நினைத்துத்தான் வெட்டினார்கள். ஹுவான் பெர்னாண்டஸில் செல்கிர்க்கைக் காப்பாற்றிய அதே ஆடுகள், உலகில் வேறெங்கும் இல்லாத செடிகளை மேய்ந்து தீர்த்தன. அங்கே மட்டும் வளர்ந்த சந்தன மரத்தை உயிரோடு கடைசியாகப் பார்த்தது 1908இல். ஒற்றை ஆள், ஒற்றை நெருப்பு, என்ன ஆகிவிடும் என்கிறார்கள். முட்டையிலிருந்து வெளிவந்து கடலின் வெளிச்சத்தை நோக்கி ஊரும் ஆமைக்குஞ்சு, கூடாரத்து விளக்கைப் பார்த்து எதிர்த்திசையில் போவதற்கு ஒற்றை விளக்கு போதும்.

‘யாரும் காலடி வைக்காத தீவு’ என்ற சொல்லுக்கும் ஒரு வார்த்தை. அந்தமானில் வடக்கு சென்டினல் தீவில், சட்டத்தை மீறி 2025இல் இறங்கி, ஒரு தேங்காயையும் ஒரு சோடா கேனையும் வைத்துவிட்டு வந்த அமெரிக்கரைக் கைது செய்தார்கள். காலங்காலமாக மக்கள் வாழும் இடத்தில்கூட நம் காலடிதான் முதல் காலடி என்று தோன்றுகிறது பாருங்கள். இந்த நோய்க்குத் தனிமை மோகம் என்று பெயர் சொல்வது மரியாதைக்கு.

மன்னார் வளைகுடாவின் அந்த 21இல், வேம்பாறு பக்கம் இரண்டு தீவுகள். ஒன்றின் பெயர் நல்லதண்ணித் தீவு. மற்றது உப்புத்தண்ணித் தீவு. வெளியூர்க்காரர் வரைபடத்தில் இரண்டும் ஒரே மாதிரிப் புள்ளிகள்தான். ஆனால் என்றோ ஒருநாள், யாரோ ஒருவர், முதல் தீவில் குழி தோண்டி ஒரு கை அள்ளிக் குடித்திருக்கிறார். அடுத்ததில் அள்ளி வாயில் விட்டுத் துப்பியிருக்கிறார். துப்பியவர் கரைக்கு வந்து சொல்லியிருக்கிறார். கேட்டவர் மகனிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பெயரைவிடப் பெரிய உயிர்காக்கும் கருவியை எந்தக் கடையிலும் விற்பதில்லை. வைத்தவர் பெயர்தான் நம்மிடம் இல்லை, வில்லுக்குச் சொந்தப் பெயர் இல்லாததுபோல.

மருமகனைத் தடுக்கப்போவதில்லை. அனுமதி உள்ள இடமாகப் பார்த்துப் போகட்டும். தண்ணீரை வீட்டிலிருந்து கொண்டுபோகட்டும். என்றைக்குத் திரும்புவான் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போகட்டும். வந்து படம் போடும்போது, தன் முகத்துக்கு முன்னால், ஏற்றி இறக்கிவிட்டவரின் பெயரைப் போடட்டும். படகுக்காரன் என்று அல்ல. அவரிடம் கேட்டு, அவர் சொல்கிற பெயரை.